கட்டளையா, ஒழுங்கா, யோசனையா? சபையில் சட்டவாதத்தை அடையாளம் காணும் முறை

ஒரு சபையில் காதில் கம்மல் இருந்தால் இராப்போஜனம் (ஆராதனையில் பகிரும் அப்பமும் திராட்சரசமும்) கிடையாது. பக்கத்துச் சபையில் கம்மலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சந்தா பாக்கி இருந்தால் மட்டும் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும்போது தகராறு வரும். இரண்டு தெரு தள்ளி இன்னொரு சபை. அங்கே ஜெபத்தில் ஆவியின் ஏவுதலால் அன்னிய பாஷை பேசாதவர் எத்தனை வருஷம் வந்தாலும் 'இன்னும் அபிஷேகம் பெறாதவர்' கணக்கில்தான் இருப்பார். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 47 விழுக்காடு கிறிஸ்தவர்கள் வாழும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வித்தியாசங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துப் பெண் பெந்தெகொஸ்தே குடும்பத்துக்குக் கல்யாணமாகிப் போகும்போது, பல இடங்களில் நகையைக் கழற்றச் சொல்வார்கள், மறுபடி முழுக்கு ஞானஸ்நானமும் எடுக்கச் சொல்வார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி எழும்: இதில் ஆண்டவர் சொன்னது எது, ஆட்கள் சொன்னது எது? ஆட்கள் சொன்னதை ஆண்டவர் கட்டளையாக்கி, அதை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளப்பதைத்தான் சட்டவாதம் என்கிறோம்.

இதற்குக் கோபத்தில் பதில் தேடினால் தப்பாகத்தான் முடியும். ஒரு நோட்டும், வேதாகமமும், நாலு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் நிதானமாகவே பார்த்துவிடலாம்.

முதலில் எதைத் தேடுகிறோம்

கண்டிப்பான சபையெல்லாம் சட்டவாதச் சபை என்று நினைப்பது எல்லாரும் முதலில் செய்கிற தப்பு. வாரம் ஒரு உபவாச ஜெபம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம் என்று நடத்துகிற சபையில், வராதவரை யாரும் குறைவாகப் பார்க்கவில்லை என்றால் அங்கே கண்டிப்பு உண்டு, சட்டவாதம் இல்லை. எந்தக் கட்டுப்பாடும் இல்லாதது போலத் தெரிகிற பழைய சபையில், 'மூணு தலைமுறையா நாங்க இந்தக் கோவில்ல' என்கிற நினைப்பே இரட்சிப்புக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கலாம். அதுவும் சட்டவாதம்தான். அதை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அவ்வளவே.

சட்டவாதம் மூன்று உருவத்தில் வரும். தேவன் ஒரு மனுஷனை ஏற்றுக்கொள்ள கிறிஸ்து போதாது, கூட இன்னொன்று வேண்டும் என்பது முதல் உருவம். அப்போஸ்தலர் 15-இல் யூதேயாவிலிருந்து வந்தவர்கள் சொன்னது இதுதான்: விருத்தசேதனம் இல்லாவிட்டால் இரட்சிப்பு இல்லை. கிறிஸ்து வேண்டாம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. கூட ஒன்றைச் சேர்த்தார்கள். எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் அந்த நுகத்தைப் புறஜாதியார் (யூதரல்லாதவர்) கழுத்தில் வைக்கவில்லை.

இரண்டாவது, வேலி போட்டுவிட்டு, போகப்போக வேலியையே கட்டளையாக்குவது. ஆதியாகமம் 2:17-இல் தேவன் சொன்னது, புசிக்கவேண்டாம் என்பது. 3:3-இல் ஏவாள் அதைத் திருப்பிச் சொல்லும்போது 'தொடவும் வேண்டாம்' என்று ஒன்று கூடியிருக்கிறது. உபாகமம் 25:3 குற்றவாளியை நாற்பது அடிக்கு மேல் அடிக்கக்கூடாது என்றது. அப்போஸ்தலன் பவுல் யூதரிடம் வாங்கியதோ ஒன்று குறைய நாற்பது, அதாவது 39. எண்ணிக்கை தவறி 41 ஆகிவிடாமலிருக்க ஒன்றைக் குறைத்த வேலி அது. வேலி கெட்டதல்ல. தோட்டத்துக்கு வேலி வேண்டும்தான். வேலியைத் தாண்டினவனைத் தோட்டத்தைத் திருடினவனாக நடத்தும்போதுதான் கோளாறு.

மூன்றாவது, சின்னதைப் பெரிதாக்கி பெரிதை விட்டுவிடுவது. மத்தேயு 23:23-இல் ஒற்தலாமுக்கும் வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும் தசமபாகம் கணக்குப் பார்த்தவர்கள் நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டார்கள். நம் மாவட்டத்தில் அதிகம் தட்டுப்படுவது இந்த மூன்றாவதுதான்.

நோட்டில் என்ன எழுதுவது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தொடர்ந்து நாலு ஞாயிறு, இடையில் வருகிற வீட்டு ஜெபம், பெண்கள் ஐக்கியம், வாலிபர் கூட்டம், சபை வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் காதில் விழுகிற விதிகளைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். 'பெண்கள் அடக்கமாக உடுத்தவேண்டும்' என்று நீங்களே நாகரிகமாக்கி எழுதினால் பயன் இல்லை. 'சுடிதார் போட்டுவிட்டுக் கோவிலுக்கு வராதே' என்று சொன்னார்களென்றால் அதையே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாலு விவரம் வேண்டும்: எங்கே சொன்னது (பிரசங்கமா, அறிவிப்பா, ஓரமாகக் கூப்பிட்டா), காட்டின வசனம், மீறினவருக்கு நடந்தது, எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்ததா.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு விதியையும் கட்டளை, ஒழுங்கு, யோசனை என்று மூன்றாகப் பிரியுங்கள். இந்தப் பிரிவு நாமாகக் கண்டுபிடித்தது இல்லை. 1 கொரிந்தியர் 7-இல் பவுலே இப்படிப் பிரித்துப் பேசுகிறார். 6-ஆம் வசனத்தில் கட்டளையாக அல்ல, யோசனையாகச் சொல்லுகிறேன் என்கிறார். 10-இல் நானல்ல, கர்த்தரே என்கிறார். 12-இல் கர்த்தர் அல்ல, நானே. 25-இல் கர்த்தரால் எனக்குக் கட்டளையில்லை என்று ஒப்புக்கொண்டு, தன் அபிப்பிராயம் என்று சொல்லிக் கொடுக்கிறார். அப்போஸ்தலனே தன் அபிப்பிராயத்துக்குத் தனிப் பெயர் கொடுத்திருக்கும்போது, நம் ஊர்ப் பாஸ்டரிடமும் கமிட்டியிடமும் அதை எதிர்பார்ப்பது மரியாதைக்குறைவு ஆகாது.

களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, வேசித்தனத்துக்கு விலகு: இவை கட்டளை. ஆராதனை காலை எட்டு மணிக்கு, கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிக்கவேண்டும், சபைத் தேர்தலில் ஓட்டுப் போடப் பட்டியலில் பெயர் வேண்டும்: இவை ஒழுங்கு. ஓலை வாசிப்பதில் இரகசியம் ஒன்றும் இல்லை. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருந்தால் ஊருக்குத் தெரியட்டும் என்பதற்காகத்தான். காரணம் கேட்டால் காரணம் கிடைக்கும், தேவை வந்தால் கமிட்டி கூடி மாற்றவும் முடியும். காலையில் எழுந்ததும் முதலில் வேதம் வாசி, வாரம் ஒருநாள் உபவாசம் இரு என்பவை யோசனை, நல்ல யோசனை.

பட்டியலில் ஒரு விதி தன் இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். யோசனை ஒழுங்காகி, ஒழுங்கு கட்டளையாகியிருந்தால் அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். எல்லாச் சபையிலும் இரண்டு மூன்று கோடு விழும். அதற்காகப் பதற வேண்டாம். பக்கம் முழுக்கக் கோடாக இருந்தால்தான் மேலே பார்க்க வேண்டும்.

வசனத்தைச் சோதிப்பது

காட்டின வசனத்துக்கு முன்னால் பத்து, பின்னால் பத்து வசனம் வாசியுங்கள். முடிந்தால் அதிகாரம் முழுக்க. யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று தெரியும். நகை விதியையே எடுத்துக்கொள்வோம். இதற்குக் காட்டுவது 1 பேதுரு 3:3-உம் 1 தீமோத்தேயு 2:9-உம். இரண்டு வசனத்திலும் பொன் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே மயிரைப் பின்னுதலும் இருக்கிறது. விலையேறப்பெற்ற வஸ்திரமும் அங்கேயே இருக்கிறது. கம்மல் போட்டவளை வாசலில் நிறுத்துகிற சபையில் சடை பின்னி வந்தவளை யாரும் நிறுத்துவதில்லை. பட்டுச்சேலை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஒரே வசனத்தில் மூன்று காரியம் இருக்க, ஒன்றை மட்டும் கட்டளையாக எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டையும் விட்டது யார் என்று கேட்கத்தானே வேண்டும்? புறம்பான அலங்காரத்தில் பெருமை தேடாதே, சாந்தமான ஆவியைத் தேடு என்பது அந்தப் பகுதியின் கருத்து. அதை வாசித்துவிட்டுத் தானாக நகையைக் கழற்றி வைக்கிற பெண்ணும் நம்மிடையே உண்டு. அவளைச் சட்டவாதி என்று கேலி செய்வது இன்னொரு வகை அடாவடி. ரோமர் 14 இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கண்டிக்கிறது.

இதே விஷயத்தில் இன்னும் ஒரு கேள்வி உண்டு, கேட்டால் முகம் சுளிப்பார்கள். காதில் கால் பவுன் இருப்பதைப் பார்க்கிற கண், சீதனத்தைப் பார்க்கிறதா? நகை போடாத வீடுகளில் பவுனுக்குப் பதில் ரொக்கமும் நிலமும் காரும் கை மாறுவது இங்கே யாருக்கும் புதிய செய்தி இல்லை. கம்மலுக்காக ஒருத்தியை இராப்போஜனத்திலிருந்து விலக்கி, சீதனப் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்து ஜெபம் செய்துகொடுக்கிற சபையில் ஒற்தலாமும் சீரகமும் கணக்கு சரியாக இருக்கும். நீதி மட்டும் கணக்கில் வராது.

உடை விதிகளைச் சோதிக்கும்போது இந்த மண்ணின் வரலாறும் நினைவில் இருக்கவேண்டும். 1806-இல் லண்டன் மிஷன் சங்கத்து மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பிறகு உண்டான சபைகளில் உடை சின்ன விஷயமாக இருந்ததில்லை. தோளை மறைக்கும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை பெண்கள் அடிபட்டார்கள், சேலை கிழிக்கப்பட்டது, கடைசியில் திருவிதாங்கூர் அரசு பிரகடனம் செய்து இறங்கி வரவேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் 'இதை உடுத்து' என்றது விடுதலை. அதனால் ஒரு மூத்தவர் 'இது மிஷனெரி காலத்து ஒழுங்கு' என்றால் உடனே சிரித்துவிடாதீர்கள். என்ன காரணத்துக்காக வந்தது என்று கேளுங்கள். காரணம் இன்றும் உயிரோடிருந்தால் ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம். பழசு என்பதாலேயே எந்த ஒழுங்கும் கட்டளையாகிவிடாது.

தசமபாகத்துக்கும் இதே சோதனைதான். மல்கியா 3:10-ஐ மட்டும் வாசித்தால் பத்தில் ஒன்று சபை அலுவலகத்துக்கு என்று முடிந்துவிடும். உபாகமம் 14:22-29-ஐயும் சேர்த்து வாசித்தால் அது நிலத்தின் விளைச்சல்; கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு சாப்பிடுவதும் அதில் உண்டு, மூன்றாம் வருஷத்தில் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போவதும் உண்டு. பத்தில் ஒன்று கொடுப்பது நல்ல பழக்கம், கொடுக்கிறவர் கொடுக்கட்டும். 'ஆண்டவருக்குக் கொடுக்காததை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பாய்' என்று சொல்லி வாங்கும்போது அது காணிக்கையாக இருப்பதில்லை. 2 கொரிந்தியர் 9:7 விசனமாயும் கட்டாயமாயும் கொடுக்கவேண்டாம் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பதநீர் பருவத்தில் தினமும் பாளை சீவாவிட்டால் பாளை வற்றிப்போகும். பனை ஞாயிறு பார்க்காது. மாடு கறப்பதையும் நிறுத்த முடியாது. ஓய்வுநாளில் எருதையும் கழுதையையும் தண்ணீருக்கு அவிழ்த்துக்கொண்டு போவதைப் பற்றி இயேசு கேட்ட கேள்வி (லூக்கா 13:15) அப்படியே இங்கே பொருந்தும்.

மீறினவருக்கு என்ன நடக்கிறது

நோட்டில் மூன்றாவது விவரம்தான் மிக முக்கியம். விதி எவ்வளவு கடுமையானது என்பதைவிட, அதை மீறினவர் எங்கே நிற்கிறார் என்பது உண்மையைச் சொல்லும். சபை ஒழுக்கம் வேதத்தில் உண்டு. மத்தேயு 18:15-17-இல் படிகளும் உண்டு: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அதன் பிறகுதான் சபை. திரும்பி வரும் வழியும் உண்டு: 2 கொரிந்தியர் 2:6-8-இல் தண்டனை போதும், மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்கிறார் பவுல். சட்டவாதத்தில் இந்தப் படிகள் தலைகீழாகும். முதல் தகவலே மைக்கில் வரும், பெயர் சொல்லாமல் அடையாளம் மட்டும் சொல்லி. தண்டனைக்குக் காலவரை இருக்காது. திரும்ப வந்தாலும் கடைசி பெஞ்சுதான்.

நாலாவது விவரத்தையும் கூட வைத்துப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து கட்டட நிதிக்குப் பெரிய தொகை அனுப்புகிறவரின் மகள் தலையில் முக்காடு இல்லாமல் வந்தால் யாரும் பார்ப்பதில்லை, கூலிவேலைக்காரர் மகள் வந்தால் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் அந்த விதி பரிசுத்தத்துக்காக இல்லை. பண்டிகைச் சாப்பாட்டுப் பந்தியும் நல்ல சோதனைக்கூடம். அந்தியோகியாவில் பேதுரு தவறியது உபதேசத்தில் இல்லை, பந்தியில். யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு எழுந்து போனார் (கலாத்தியர் 2:11-14). யார் யாரோடு உட்கார்கிறார்கள், யார் பரிமாறவே செய்கிறார்கள், யார் வீட்டில் போதகர் சாப்பிடுவதில்லை என்று கவனியுங்கள்.

பிரசங்கத்தைக் கேட்பது

தமிழில் இது சுலபம், வினைமுற்றைக் கவனித்தால் போதும். ஒரு பிரசங்கத்தில் 'செய்தார், கொடுத்தார், சுமந்தார், எழுந்தார்' என்று கிறிஸ்துவைப் பற்றி வருகிற வாக்கியங்களுக்கு ஒரு புள்ளி; 'செய்யுங்கள், விடுங்கள், கொடுங்கள், வாருங்கள்' என்று நம்மைப் பற்றி வருகிறவற்றுக்கு ஒரு கோடு. எபேசியர் நிருபத்தில் முதல் மூன்று அதிகாரம் முழுக்கத் தேவன் செய்ததுதான். அவற்றில் கட்டளையாக வருவது இரண்டாம் அதிகாரத்தில் 'நினைத்துக்கொள்ளுங்கள்' என்பது ஒன்றே. 'இப்படி நட' என்பதெல்லாம் நாலாம் அதிகாரத்திலிருந்து. ஒரே ஞாயிற்றை வைத்து முடிவு கட்டவேண்டாம். யாக்கோபு நிருபத்திலிருந்து பேசினால் அன்றைக்குக் கோடுதான் அதிகம் விழும். நாலு ஞாயிறும் கோடு மட்டுமே விழுந்தால் அந்தச் சபைக்குப் பசி என்று பொருள்.

சாட்சி வேளையிலும் ஒரு மாதிரி தெரியும். 'நான் இதை விட்டேன், அதனால் ஆண்டவர் இதைக் கொடுத்தார்' என்று வாரந்தோறும் ஒரே வாய்பாடு வந்தால் அங்கே பேரம் நடக்கிறது. அதன் மறுபக்கம் துன்பம் வரும்போது தெரியும். விபத்து, குழந்தையின்மை, புற்றுநோய் எதுவானாலும் 'எங்கேயோ ஒரு பாவம் இருக்கு' என்று தேடுவார்கள். பிறவிக்குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டதும் அதையேதான். யோவான் 9:3-இல் இயேசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை.

ஒன்றுக்கு மட்டும் நோட்டும் நாலு ஞாயிறும் வேண்டாம். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்லி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் போடுகிற மாத்திரையை, இன்சுலினை நிறுத்தச் சொன்னால் அன்றைக்கே மறுத்துவிடுங்கள். மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தக்கூடாது. லூக்கா வைத்தியன், தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். விசுவாசம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதாக யாரும் வாசிப்பதில்லை.

பேசப் போகும்போது

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று கேட்காதீர்கள். அங்கே எந்தப் போதகரும் தற்காப்பாகத்தான் பேசுவார். வாரநாள் சாயங்காலம் நேரம் கேட்டுப் போங்கள். ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், நோட்டை வீட்டில் வையுங்கள். 'இது சட்டவாதம்' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. 'ஐயா, இது கட்டளையா, சபை ஒழுங்கா, இல்ல உங்க யோசனையா?' என்று கேளுங்கள். 'ஒழுங்குதான், வசனம் இல்லை' என்று ஒரு போதகர் ஒப்புக்கொண்டால் நீங்கள் நினைத்ததைவிட நல்ல சபையில் இருக்கிறீர்கள். 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்று பதில் வந்தால் சங்கீதம் 105-ஐ வீட்டில் வாசித்துப் பாருங்கள். அது ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் தேசம் தேசமாக அலைந்தபோது ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிப்பு. கேள்வி கேட்ட விசுவாசிக்குச் சொன்னது அல்ல. பவுலின் பேச்சையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 மெச்சுகிறது.

இந்த வார்த்தையை ஆயுதமாக்குகிறவர்களும் உண்டு. காணிக்கைக் கணக்கைக் கேட்டால் 'சட்டவாதம்', கள்ளத்தொடர்பைக் கண்டித்தால் 'கிருபை இல்லாத சபை' என்பார்கள். கணக்கு காட்டுவது ஒழுங்கு, விபசாரத்தை விலக்குவது கட்டளை. நோட்டில் இவை எங்கே விழுந்தன என்று பார்த்தால் குழப்பம் வராது.

நோட்டை ஒருமுறை உங்கள் பக்கமும் திருப்புங்கள். காலை ஜெபம் விட்டுப்போன நாளில் பஸ் தவறினால் 'அதனால்தான்' என்று தோன்றுகிறதா? உங்கள் சபைக்கு வராத சித்தப்பா வீட்டுக்கு நல்லது நடந்தால் உள்ளே எங்கேயோ உறுத்துகிறதா? லூக்கா 18-இல் பரிசேயன் பொய் சொல்லவில்லை, வாரம் இரண்டுதரம் உபவாசம் இருந்தது உண்மைதான்.

சபை மாறத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், இங்கே அது ஞாயிறு எங்கே போவது என்பதோடு முடிவதில்லை. கல்யாண ஓலை, கல்லறை, சொந்தபந்தம் எல்லாம் சபையோடு பின்னிக் கிடக்கிறது. சண்டைக்கு முன்னாலேயே ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, கல்யாணச் சான்று எல்லாவற்றின் பிரதியும் கையில் வாங்கி வையுங்கள். பெற்றோர் பழைய சபையிலேயே இருக்க விரும்பினால் அவர்கள் சந்தாவைப் பாக்கி வைக்காமல் கட்டிவிடுங்கள். இன்னொரு சபையில் சேரும் முன் அங்கேயும் நாலு ஞாயிறு நோட்டு எழுதுங்கள். ஒரு நுகத்தை விட்டு இன்னொரு நுகத்துக்குள் போகிறவர்கள் குறைவில்லை. வெளியே வந்த புதிதில், விடுதலை கிடைத்துவிட்டது என்று நாலு பேருக்குக் காட்டவே எதையாவது செய்யத் தோன்றும். காது குத்துவதா வேண்டாமா என்பதை முதல் ஆறு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டாம். தட்டான் எங்கேயும் போய்விட மாட்டார்.